வேலை நிச்சயமும் கூலி நிச்சயமும்

(நம் சங்கத்தின் வருஷாந்தரப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்துப் பொதுக்கூட்டங்களில் பிள்ளைகளின் படிப்பு, மாணவர் விடுதி, கலியாணச் செலவைக் குறைத்தல், கோயில் திருப்பணி ஆகிய விஷயங்களைப் பற்றிப் பெரியோர்கள் பலகாலும் பேசியிருக்கிறார்கள். அவையெல்லாம் வேண்டியனவே. ஆயினும் ஒரு வீட்டில் பிள்ளையின் படிப்பு நிற்பதும், நகை அடகுக்குப் போவதும், கலியாணம் தள்ளிப்போவதும் பல சமயங்களில் ஒரே காரணத்தினின்று தோன்றுகின்றன. அந்த வீட்டில் உழைப்பவருக்கு இந்த வாரம் எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்பது வாரத் தொடக்கத்தில் தெரிவதில்லை. வரவு தெரியாத வீட்டில் செலவுக்குத் திட்டம் ஏது? ஆதலின் இன்று தொழிலாளரின் வேலை நிச்சயத்தையும் கூலி நிச்சயத்தையும் குறித்தும், அதற்கென வந்த சட்டங்களையும் இனி வரவேண்டிய சட்டத்தையும் குறித்தும் சில வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

இது தொழிற்சங்கத்தார் பேச வேண்டிய விஷயமாயிற்றே, ஜாதிச் சங்கத்திற்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம் சங்கத்தின் அங்கத்தினர் ஜாபிதாவைப் பார்த்தாலே விடை கிடைக்கும். மலைமேல் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்கள் அதில் இருக்கிறார்கள். அத்தோட்டங்களுக்கு விடியுமுன் ஜீப்பேறிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆள் சேர்த்து அனுப்பும் மேஸ்திரிகளும், ஜீப் வைத்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே குலதெய்வத்தின் சந்நிதியில் சேர்ந்து பொங்கலிடும் நால்வர், திங்கட்கிழமை காலையில் நான்கு கட்சிக்காரர்களாய் நிற்கிறார்கள். நால்வரும் ஒரே பந்தலின்கீழ் உட்காரும் இடம் நம் சங்கமே. இந்த விஷயத்தைப் பேசுவதற்கு இதைவிடத் தகுந்த இடம் வேறில்லை.

நம் கம்பம் பள்ளத்தாக்கு வேலையில்லாத சீமையன்று. 1895-ம் வருஷத்தில் பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்து கிழக்கே இறங்கியது முதல் இங்கே நெல் விளைகிறது. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்நீரை நம்பியிருக்கிறது. வாழையும் தென்னையும் உண்டு. புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை உண்டு. ஆண்டிபட்டிப் பக்கத்தில் நூற்பாலைகளும் விசைத்தறிகளும் உண்டு. மேற்கே நிமிர்ந்தால் இடுக்கி மலையின் ஏலக்காடு. அக்காட்டின் காய் இறங்கி வந்து விலையாகும் பெரிய சந்தை நம் போடிநாயக்கனூர். இத்தனை தொழில் சூழ்ந்திருந்தும் நம் ஜனங்களின் குறை வேலை இல்லை என்பதன்று. எந்த நாள் உண்டு, எந்த நாள் இல்லை என்பது தெரியாமையே குறை.

நடவு தொடங்கினால் பத்துப் பதினைந்து நாள் ஆள் கிடைக்காமல் வயல்காரர் தவிக்கிறார். நடவு முடிந்தால் களையெடுப்பு வரும்வரையில் ஆள் வேலையின்றித் தவிக்கிறார். ஏலத்தோட்டத்தின் நிலை இதினும் நுட்பமானது. ஏலச்செடியில் காய்கள் ஒருங்கே முற்றுவதில்லை. தூரிலிருந்து தரையோடு படரும் ஒரே சரத்தில் சில காய் முற்றியும், சில பிஞ்சாயும், வேறு சில பூவாயும் இருக்கும். ஆகவே சுற்றுச் சுற்றாய்ப் போய் முற்றியதை மட்டும் கண்டு எடுக்கவேண்டும். ஒரு சுற்றுக்கும் மறு சுற்றுக்கும் இடையிலுள்ள நாட்கள் மழையைப் பொறுத்துக் கூடும், குறையும். பறித்த காயை உலர்த்தும் ஸ்டோரில் இடமில்லாவிட்டால் பறிப்பு ஒருநாள் தள்ளும். விலை சரிந்தால் களையெடுப்பும் கவாத்தும் நிற்கும். இவற்றில் ஒன்றேனும் தொழிலாளியின் கையில் இல்லை. ஆயினும் இவற்றால் வரும் நஷ்டம் முதலில் வந்து விழுவது அவருடைய அன்றாடக் கூலியின்மேல்.

போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் முதலிய ஊர்களில் விடியுமுன் நடப்பதை இங்கே கூடியிருக்கும் தாய்மார்களுக்கு நாம் சொல்லவேண்டுவதில்லை. அவர்கள் பின்னிரவில் எழுந்து உலை வைத்து, தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு ஜீப் நிற்கும் இடத்திற்கு வருகிறார்கள். அங்கே மேஸ்திரி, “இன்றைக்குப் பத்துப் பேர் போதும்” என்றால் பதினோராவது ஆள் வீட்டுக்குத் திரும்பவேண்டியதுதான். ஏறிப்போனவர்களும் போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ குமுளியையோ தாண்டிய பிறகு மழை பிடித்துக்கொண்டால் அரைநாளில் இறங்கவேண்டி வரும். திரும்பிய பதினோராவது ஆளுக்கும், நனைந்து இறங்கிய பத்துப் பேருக்கும் அன்று என்ன பாத்தியதை உண்டு? நம் பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்வியைப் பற்றியதே.

ஒருநாள் மழையோடு இது முடிவதுமில்லை. 2011-ம் வருஷ டிசம்பரில் அணைத் தகராறு முற்றி எல்லைப் பாதைகள் அடைபட்டபோது, மலையில் வேலைக்குப் போயிருந்த நம்மவர்கள் உயிருக்கு அஞ்சி ஊர் திரும்பினார்கள்; மலைவேலை நின்றுபோயிற்று. 2018-ம் வருஷ ஆகஸ்டில் பெருமழையால் இடுக்கியில் மலை சரிந்து பாதைகள் அறுந்தன. 2020-ம் வருஷ மார்ச்சு முதல் கொள்ளைநோய் காரணமாய் எல்லை மூடப்பட்டது. 2024-ம் வருஷக் கோடையில் வெப்பத்தாலும் வறட்சியாலும் ஏலச்செடிகள் ஏக்கர் ஏக்கராய்க் கருகின. தோட்டக்காரரின் நஷ்டத்தைக் கணக்கெடுக்க அதிகாரிகள் வந்தார்கள், அது நியாயமே. தொழிலாளியின் பெயரோ எந்தப் புத்தகத்திலும் இல்லாமையால் அவர் இழந்த நாட்களைக் கணக்கெடுக்க வழியே இருக்கவில்லை.

இனிச் சட்டத்திற்கு வருவோம். சட்டம் இவ்விஷயத்தில் எந்தப் பக்கம் நின்றது என்பதைக் கொஞ்சம் பழைய காலத்திலிருந்தே பார்ப்பது நலம்.

1859-ம் வருஷத்து 13-வது சட்டம் என்று ஒன்று இருந்தது. முன்பணம் வாங்கிய கூலியாள் வேலைக்கு வராவிட்டால் மாஜிஸ்டிரேட்டு அவரை வேலை செய்யும்படி உத்தரவிடலாம். உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரையில் சிறையிலிடலாம். வேலை கொடுப்பதாய்ச் சொல்லிக் கொடாத முதலாளிக்கு அச்சட்டத்தில் சிறையில்லை. கூலியாளின் வரவு முதலாளிக்கு நிச்சயமாயிருக்க வேண்டும் என்பதில் அக்காலத்து ராஜாங்கம் இவ்வளவு கவலை கொண்டிருந்தது. சென்னை ராஜதானியில் 1903-ம் வருஷத்தில் தோட்டக்காரர்களுக்கென்றே இவ்வகையில் தனிச் சட்டமும் செய்யப்பட்டது. 1859-ம் வருஷத்துச் சட்டம் 1925-ல்தான் ரத்தாயிற்று. முன்பணத்தைக் காட்டி ஆளைக் கட்டிவைக்கும் கொத்தடிமை முறை 1976-ம் வருஷச் சட்டத்தால் முற்றும் விலக்கப்பட்டது.

ஆள் வருவது நிச்சயம் என்பதற்கு அறுபத்தாறு வருஷம் சட்டம் காவல் நின்றது என்றால், வந்த ஆளுக்கு வேலை நிச்சயம் என்பதற்கும் சட்டம் காவல் நிற்கவேண்டும் என்று கேட்பது புதுமையோ பேராசையோ ஆகாது. பின்வந்த சட்டங்கள் இதனை ஒருவாறு ஒப்புக்கொண்டன. 1946-ம் வருஷத்து நிலையாணைச் சட்டம், 100 பேருக்குக் குறையாத தொழிற்சாலைகளில் வேலை நேரம், கூலி நாள், விடுமுறை, வேலை நிறுத்தும் முறை ஆகியவற்றை முதலாளி எழுத்தில் வரையறுத்துத் தொழிலாளருக்குத் தெரிவிக்கவேண்டும் என்றது. 1948-ம் வருஷத்து ஆலைச் சட்டத்தின் 61-வது பிரிவு, யார் எந்நேரம் வேலைக்கு வரவேண்டும் என்ற அறிக்கையை ஆலையில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டிவைக்கச் சொல்லிற்று. 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஐம்பது பேருக்குக் குறையாத ஆலை, சுரங்கம், தோட்டங்களில் ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்தவரை வேலையின்றி உட்காரவைத்தால் பாதிச் சம்பளம் கொடுக்கவேண்டும் என்ற விதி பின்பு சேர்ந்தது. ஆனால் பதிலி ஆட்களுக்கும் அன்றாடக் கூலிகளுக்கும் அது இல்லை என்று அவ்விதியிலேயே எழுதிவிட்டார்கள். நம் ஜீப்பில் ஏறுகிறவர்கள் அந்த ஒரு வார்த்தையால் வெளியே நிற்கிறார்கள்.

இவற்றுள் நம்மவர் அவசியம் அறிந்திருக்க வேண்டியது 1948-ம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 15-வது பிரிவு. நாட்கூலி நிர்ணயிக்கப்பட்ட ஒருவர், தாம் வேலைக்கு வைத்துக்கொள்ளப்பட்ட நாளில் முழுநேரத்திற்குக் குறைவாய் வேலை செய்திருந்தாலும், முழுநாட் கூலிக்குப் பாத்தியதையுள்ளவர். அவருக்கு வேலை செய்ய மனமில்லாமல் நின்றிருந்தால் இப்பாத்தியதை இல்லை. முதலாளி வேலை கொடாமையால் நின்றிருந்தால் உண்டு. இதே விதி 2019-ம் வருஷத்துக் கூலித் தொகுப்புச் சட்டத்தின் 10-வது பிரிவாக வந்திருக்கிறது. அச்சட்டமும் அதனோடு சேர்ந்த 2020-ம் வருஷத்து மூன்று தொகுப்புச் சட்டங்களும் 2025-ம் வருஷம் நவம்பர் 21-ந் தேதி முதல் அமுலுக்கு வந்தன.

நாம் முன் கேட்ட கேள்விக்கு இதில் பாதி விடை இருக்கிறது. மலையேறி நின்றபின் இறக்கி அனுப்பப்பட்ட பத்துப் பேர் இந்தப் பிரிவைக் காட்டிக் கேட்கலாம். ஜீப் நிற்கும் இடத்திலிருந்தே திருப்பி அனுப்பப்பட்ட பதினோராவது ஆள் கேட்கமுடியாது. அவர் அன்று வேலைக்கு வைத்துக்கொள்ளப்படவே இல்லை என்பார்கள். நேற்று மாலை “நாளைக்கு வா” என்ற சொல்லை நம்பி அவர் வேறு வேலையை விட்டு வந்திருப்பினும், அந்தச் சொல் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை. இனி வரவேண்டிய சட்டம் அடைக்கவேண்டிய முதல் ஓட்டை இது.

புதிய தொகுப்புச் சட்டங்களில் நமக்கு அநுகூலமான வேறு சில விதிகளும் உண்டு. வேலைக்கு எடுக்கும்போது நியமனக் கடிதம் கொடுக்கவேண்டும் என்கிறது தொழிற்பாதுகாப்புச் சட்டம். நாட்கூலியை அன்றைய வேலை முடிவிலும், வாரக்கூலியை வாரத்தின் கடைசி வேலை நாளிலும் தீர்க்கவேண்டும் என்கிறது கூலிச் சட்டம். ஒரே வகை வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று வித்தியாசம் பாராட்டலாகாது என்பதும் அச்சட்டமே. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தும், வேலையோடு அதற்குள்ள தொடர்பு ருசுவானால், வேலையில் நேர்ந்த விபத்தாகவே கொள்ளப்படும் என்கிறது சமூகப் பாதுகாப்புச் சட்டம். மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்த செய்தியைக் கேட்டு ஓடியிருக்கும் குடும்பங்களுக்கு இவ்விதியின் அருமை தெரியும்.

அநுகூலத்தைச் சொன்னதுபோல் குறையையும் சொல்லவேண்டும். நிலையாணை விதிக்கு முன் 100 பேர் இருந்தால் போதும். இப்போது 300 பேர் வேண்டும். பிற ராஜ்யத்துத் தொழிலாளர் சம்பந்தமான 1979-ம் வருஷச் சட்டத்திற்கு ஐந்து பேர் போதுமாயிருந்தது. இப்போது பத்துப் பேர் வேண்டும். தோட்டம் என்ற பெயர் பெறுவதற்கே ஐந்து ஹெக்டேர், அதாவது சுமார் 12 ஏக்கர் 35 சென்ட் நிலம் வேண்டும். மலையிலோ இரண்டு ஏக்கரும் நான்கு ஏக்கரும் வைத்திருக்கும் சிறு ஏலத்தோட்டக்காரர் அநேகர். இன்று ஒருவர் தோட்டத்திலும் நாளை மற்றொருவர் தோட்டத்திலும் வேலை செய்யும் கூலியாளுக்கு நியமனக் கடிதம் யார் கொடுப்பது? வீடு ஒரு ராஜ்யத்திலும் வேலை மற்றொரு ராஜ்யத்திலும் இருப்பவர் புகார் செய்ய எந்த அதிகாரியிடம் போவது? ஜீப் விபத்தில் உரிமை கோரவேண்டுமானால் அன்று எந்தத் தோட்டத்து ஆள் என்று காட்டச் சீட்டு வேண்டும். சீட்டில்லாத உரிமை சாட்சியில்லாத வழக்கைப் போன்றது.

சட்டசபை செய்வதெல்லாம் தொழிலாளருக்கு நன்மையாகவே முடியும் என்று வாளாவிருக்கவும் இடமில்லை. நம் ராஜ்யத்தில் 2023-ம் வருஷம் ஏப்ரல் 21-ந் தேதி ஆலைச் சட்டத் திருத்த மசோதா ஒன்று சட்டசபையில் நிறைவேறியது. வாரத்திற்கு 48 மணி என்ற எல்லையை வைத்துக்கொண்டே, ஒருநாளில் 12 மணி நேரம் வரையில் வேலை வாங்க அது இடங்கொடுத்தது. நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வு பெறலாம் என்று அதற்குச் சமாதானம் சொன்னார்கள். தொழிற்சங்கங்கள் கட்சி பேதமின்றி எதிர்த்தன. 24-ந் தேதி மசோதா நிறுத்திவைக்கப்பட்டு, மே மாதம் 1-ந் தேதி வாபசாவதாய் முதன்மந்திரி அறிவித்தார். இதில் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. வேலை நேரத்தை வளைத்துக்கொள்ளும் வசதி இருதிறத்தாருக்கும் நல்லதாயிருக்கலாம். ஆனால் வளைப்பது யார் கையில், எத்தனை நாள் முன்னறிவிப்போடு என்பது எழுதப்படாதவரையில் அவ்வசதி ஒருவருக்கே போய்ச் சேரும்.

வெளிநாட்டாரும் இதே சங்கடத்தில் இருந்து வழி தேடியிருக்கிறார்கள். அங்கே கடைகளிலும் ஓட்டல்களிலும் பண்டகசாலைகளிலும், கூப்பிட்டால் வரவேண்டும், கூப்பிடாவிட்டால் கூலியில்லை என்ற ஏற்பாடு பரவிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2019-ம் வருஷத்தில் ஒரு கட்டளை பிறப்பித்தது. வேலைக்குச் சேர்ந்த ஏழு நாட்களுக்குள் கூலி, வேலை நேரம் முதலிய முக்கியமான நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்கவேண்டும். எந்த நாட்களில் எந்நேரத்திற்குள் கூப்பிடலாம் என்பது முன்னமே வரையறுக்கப்படவேண்டும். நியாயமான முன்னறிவிப்பின்றிக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. குறித்த கெடுவிற்குப் பின் வேலையை ரத்துச் செய்தால் ஈடு கொடுக்கவேண்டும். இங்கிலாந்தில் 2023-ல் செய்த சட்டமோ, நிச்சயமான வேலை நேரம் வேண்டும் என்று விண்ணப்பித்துக் கொள்ளும் உரிமையை மட்டும் தந்தது. அதுவும் அமுலுக்கு வரவே இல்லை. அதன் இடத்தில், கடைசி நேரத்தில் ரத்தான வேலைக்குப் பணம் கொடுக்கவேண்டும் என்ற விதியோடு கூடிய வேறு சட்டம் 2025-ம் வருஷ டிசம்பரில் செய்யப்பட்டது. விண்ணப்பிக்கும் உரிமைக்கும் பெறும் உரிமைக்கும் உள்ள தூரம் இதிலிருந்து விளங்கும். நம் பதினோராவது ஆளின் கேள்விக்கு நேரான விடை, கெடுவிற்குப் பின் ரத்துச் செய்தால் ஈடு என்ற அந்த விதியே.

இப்பொழுது தோட்டக்காரர்களின் பக்கத்தையும் நியாயமாய்க் கேட்போம். “மழைக்கு நாங்கள் உத்தரவாதமா? ஏலக்காய் விலை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குகிறது. மூன்று ஏக்கர்க்காரன் வேலை நடவாத நாளுக்கும் கூலி கொடுத்தால் தோட்டத்தை விற்கவேண்டியதுதான். அன்றியும் முன்பணம் வாங்கிக்கொண்டு வராமல் நிற்கும் ஆளும் உண்டு. இன்று நம்மிடம் வருகிறேன் என்றவர், பக்கத்துத் தோட்டத்தில் ஐம்பது ரூபாய் கூடக் கிடைத்தால் அங்கே போய்விடுகிறார்” என்கிறார்கள். இவற்றில் பொய்யில்லை. மழை யாருடைய குற்றமுமன்று. ஆகையினாலேயே அதன் நஷ்டம் ஒருவர் தலையில் முழுவதும் விழலாகாது என்கிறோம். மூன்று ஏக்கர்க்காரர் தனியாய்த் தாங்கமுடியாது என்பதும் உண்மை. ஆனால் ஏக்கரே இல்லாதவர் அதைத் தனியாய்த் தாங்கிக்கொண்டு வருகிறார். முன்சொல் தவறுகிற ஆளைப் பற்றிய குறைக்கும் மருந்து எழுத்திலேயே இருக்கிறது. இருவரும் கையெழுத்திட்ட சீட்டு இருவரையும் கட்டும்.

சிறு முதலாளிகள் பலர், கூலியாட்கள் பலர், இன்னார்க்கு இன்னார் என்ற நிலையான சம்பந்தம் இல்லை என்ற சிக்கல் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. துறைமுகத்தில் கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி என்றிருந்த நிலைக்கு 1948-ம் வருஷத்துத் துறைமுகத் தொழிலாளர் சட்டம் ஒரு வழி கண்டது. தொழிலாளரையும் முதலாளிகளையும் பதிவு செய்து, ஒரு வாரியத்தின் மூலம் முறைவைத்து ஆள் அனுப்பி, வேலைக்கு ஆஜராகியும் வேலை கிடையாத நாளுக்கு ஆஜர்ப்படி கொடுத்தார்கள். பம்பாயிலும் அதைச் சூழ்ந்த இடங்களிலும் சுமை தூக்குவோருக்காக மராட்டிய ராஜ்யம் 1969-ல் செய்த மாத்தாடித் தொழிலாளர் சட்டமும் இம்மாதிரியே. அங்கே வியாபாரி கூலியையும் அதன்மேல் ஒரு வீதத் தொகையையும் வாரியத்தில் கட்டுகிறார். வாரியம் தொழிலாளிக்குக் கூலி கொடுத்து, வீதத் தொகையைக்கொண்டு வருங்கால வைப்பு, விடுமுறைச் சம்பளம் முதலியவற்றை நடத்துகிறது. இந்த மாதிரியில், கேரளமும் தமிழ்நாடும் கூடி மலைத்தோட்ட நாட்கூலிகளுக்கென ஒரு வாரியம் ஏற்படுத்தவேண்டும். ஒரு வாரியம், ஒரு பதிவு, எல்லையின் இருபுறத்திலும் செல்லும் ஒரு சீட்டு. இதுவே நாம் சர்க்காரிடம் கேட்கவேண்டிய சட்டத்தின் உயிர்.

அச்சட்டத்தில் இன்றியமையாதன இவை. வேலை உண்டு இல்லை என்பதை முந்தின நாள் மாலை ஒரு குறித்த நேரத்திற்குள் சொல்லிவிடவேண்டும். அந்நேரத்திற்குப் பின் ரத்துச் செய்தால் பாதிக் கூலி கொடுக்கவேண்டும். மலையேறிய பின் இறக்கினால் இப்போதுள்ள சட்டப்படியே முழுக்கூலி. தோட்டத்தின் பரப்பும் ஆட்தொகையும் எவ்வளவு சிறிதாயினும் பதிவு உண்டு. விபத்து நேர்ந்தால் அன்றைய சீட்டே போதிய ருசு.

சட்டம் வரும்வரையில் சும்மா இருக்கவேண்டுமா? வேண்டுவதில்லை. இன்றே நாம் செய்யக்கூடியவை உண்டு. நம் சங்கத்துத் தோட்டக்கார அங்கத்தினர்கள் ஒவ்வொருவரும் தம்மிடம் வரும் ஆளுக்கு ஒரு சீட்டு கொடுக்கலாம். அதில் தோட்டம் இருக்கும் இடம், மேஸ்திரியின் பெயர், இன்ன வேலை, நாட்கூலி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், ஜீப் கூலி யாருடையது, வாங்கிய முன்பணம், அன்று கொடுத்த தொகை ஆகியவை இருந்தால் போதும். சனிக்கிழமை மாலையில் வரும் வாரத்து வேலையை மேஸ்திரி சொல்லிவிடலாம். மாறுதல் வந்தால் முந்தின நாள் மாலை ஆறு மணிக்குள் கைப்பேசியில் சொல்லலாம். இதற்குச் செலவு ஒரு தாளும் ஒரு பேச்சும். ஜீப்பில் அளவுக்குமேல் ஆள் ஏற்றுவதில்லை என்று வண்டிக்கார அங்கத்தினர்கள் பிரதிக்ஞை செய்துகொள்ளலாம்.

கூலி நின்ற நாளுக்கு ஈடு கொடுக்க ஒரு பொது நிதி வைக்கவேண்டும். அது ஆகுமா என்று கணக்குப் பார்ப்போம். உதாரணமாய், ஒரு சிறு தோட்டக்காரர் ஆறு பேரை வருஷத்தில் 100 நாள் வேலைக்கு வைத்தால் 600 ஆள் நாள் ஆகிறது. ஆள் நாள் ஒன்றுக்கு 10 ரூபாய் வீதம் நிதிக்குக் கொடுத்தால் வருஷத்திற்கு 6,000 ரூபாய். இப்படி ஐம்பது தோட்டக்காரர் சேர்ந்தால் 3,00,000 ரூபாய். பாதிக் கூலி 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1,000 நாட்களுக்கு ஈடு கொடுக்கலாம். முந்நூறு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்று நாள்தான். இது சிறிதே, பெருமழைக்கும் வறட்சிக்கும் இது காணாது, அதற்கு ராஜாங்கம் வந்தாகவேண்டும். ஆயினும் ஜீப் நிற்கும் இடத்திலிருந்து வெறுங்கையாய்த் திரும்பும் ஒருவர் அன்று மாலை அரிசிக்கடையில் கடன் சொல்லாமல் நிற்க இது போதும். வெறும் பேச்சாயிருந்த “நாளைக்கு வா” என்பது, சொன்னவருக்குப் பொறுப்புள்ள சொல்லாகும்.

தொழிலாளராகிய நம் சகோதர சகோதரிகளுக்கும் ஒன்று சொல்லவேண்டும். சீட்டைக் கேட்டு வாங்குங்கள், கிழியாமல் வையுங்கள். வருவதாய்ச் சொன்ன நாளில் வாருங்கள். வர இயலாவிட்டால் முந்தின மாலையில் நீங்களும் சொல்லுங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பள்ளி நாளில் ஜீப்பில் ஏற்றாதீர்கள். அந்த ஒருநாட் கூலிக்காகப் பின்னால் முப்பது வருஷ நாட்கூலி வாழ்வை அப்பிள்ளைக்கு எழுதிக்கொடுக்கலாகாது.

நம் அரசியல் சாசனத்தின் 42-வது, 43-வது ஷரத்துக்கள் நியாயமும் மனிதத்தன்மையும் பொருந்திய வேலை நிபந்தனைகளையும், வாழ்க்கைக்குப் போதிய கூலியையும் உண்டாக்க ராஜாங்கம் முயலவேண்டும் என்று விதிக்கின்றன. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று சுப்ரீம் கோர்ட்டு 1982-ல் தீர்ப்புச் சொன்னது. இவையெல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. புத்தகத்திலிருந்து ஜீப் நிற்கும் இடத்திற்கு இவற்றைக் கொண்டுவரும் வேலை, இருதிறத்தாரையும் அங்கத்தினராகக் கொண்ட நம்முடைய சங்கத்தைப் போன்றவற்றிற்கே எளிது. தோட்டக்காரர் மறுக்கக் கூசுவார். தொழிலாளி கேட்க அஞ்சமாட்டார். இருவரும் ஒருவரையொருவர் மாமன், மைத்துனன், அண்ணன், அத்தை என்றழைக்கும் உறவினர்.

ஆகவே இக்கூட்டம் இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இரு ராஜ்யத்துச் சர்க்கார்களுக்கும் மலைத்தோட்ட நாட்கூலி வாரியம் வேண்டி ஒரு மகஜர் அனுப்புவது முதல் தீர்மானம். வரும் காய் எடுப்புக் காலம் முதல் நம் அங்கத்தினர் தோட்டங்களில் சீட்டு முறையைத் தொடங்கி, நிதிக்கு ஒரு கமிட்டி அமைப்பது இரண்டாவது. அக்கமிட்டியில் தோட்டக்காரர் எத்தனை பேரோ அத்தனை பேர் கூலி வேலை செய்பவர்களாய் இருக்கவேண்டும். அவர்களில் பாதிப் பேர் பெண்களாய் இருக்கவேண்டும். அடுத்த வருஷக் கூட்டத்தில் எத்தனை சீட்டுக் கொடுக்கப்பட்டது, எத்தனை நாளுக்கு ஈடு கொடுக்கப்பட்டது, யார் கொடுக்கவில்லை என்ற கணக்கை இந்தச் சஞ்சிகையிலேயே அச்சிட்டு எல்லார் பார்வைக்கும் வைக்கவேண்டும்.